நடுத்துண்டு யாருக்கு? – புத்தளக் கரையிலிருந்து பங்கீட்டுக் கதைகளை நோக்குதல்

வேட்டைப்பொருளாயினும், விளைபொருளாயினும், கடற்பொருளாயினும், பலர் கூடித் தேடியதைப் பலருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டிய வேளை ஒன்று வந்தே தீரும். அவ்வேளையில் கத்தியையோ தராசையோ கையில் வைத்திருப்பவர் யார் என்னும் வினாவிலிருந்து பெருந்தொகையான நாட்டார் கதைகள் பிறந்துள்ளன. பூனைகள் இரண்டுக்குக் குரங்கு அப்பம் நிறுத்துக் கொடுத்த கதையை நாம் யாவரும் பாலர் வகுப்பிலேயே கேட்டோம். அவ்வகுப்போடு அதனை மறந்தும் விட்டோம். குழந்தைகளுக்குரியதென ஒதுக்கப்பட்ட இத்தகைய கதைகளுக்குப் பின்னே பங்கு, வரி, குத்தகை, கூலி என்பவற்றின் நீண்ட வரலாறு ஒன்று கிடக்கின்றது. அவ்வரலாற்றைப் புத்தள மாவட்டத்துக் கரையை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளக் கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தெற்கே மாஓயாவின் கழிமுகத்திலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல் எனத் தொடர்ந்து, புத்தளக் களப்பையும் கற்பிட்டிக் குடாநாட்டையும் தழுவிச் செல்லும் இக்கரையில் நான்கு சமயத்தவரும் இரு மொழியினரும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். உடப்பிலும் ஆண்டிமுனையிலும் இந்துக்களாகிய தமிழ் மீனவர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். கரை நெடுகிலும் கத்தோலிக்கர். உள்நிலத்தே சிங்கள பௌத்தக் கமக்காரர். தமிழர் ஏழுபற்று எனப் பொருள்படும் ‘தெமள ஹத்பத்து’ என்ற பெயர் இன்று சிங்களமே பெருவழக்காகிவிட்ட உள்நாட்டுப் பகுதி ஒன்றுக்கு வழங்கியமை, இங்கு மொழிகளின் எல்லை எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதை உணர்த்தும். 1344இல் இபன் பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தியின் அலுவலர் குளித்தெடுத்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததை அவர் அங்குக் கண்டதாகக் குறித்துள்ளார். பங்கீடு இக்கரைக்குப் பழைய தொழில்.

கரைவலையை எடுத்துக்கொள்வோம். வலையின் ஒருபுறக் கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலினுள்ளே சென்று, வளைந்து வலையை இறக்கி, மறுபுறக் கயிற்றோடு கரைக்கு மீளும். பின்னர் இரு கூட்டத்தார் இரு கயிறுகளையும் பற்றி, அம்பாப் பாடலின் எடுப்புக்கும் தொடுப்புக்கும் இசைய இழுத்து வருவர். மணிக்கணக்கான இவ்வுழைப்பின் முடிவில் மடி கரையேறும். அதுவரை எல்லாரும் ஒரு கயிற்றார். மடி அவிழ்ந்த கணத்திலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகிவிடுகின்றனர். வலையும் தோணியும் உடைய சம்மாட்டிக்கு ஒரு பங்கு, செலவுக்கு ஒரு கழிவு, எஞ்சியது இழுத்தவர்களுக்கு என்பது பொது விதி. அளவு இடத்துக்கிடம் வேறுபடும். கறிக்கென்று ஆளுக்குச் சிறிது மீன் கொடுப்பதும், வழியிற் சென்றவர் வந்து கயிற்றில் கைவைத்தாலும் அவருக்கு ஒரு கை மீன் போடுவதும் கரையோர வழக்கம்.

நெல்லைப் போல மீன் காத்திராது. களத்து நெல்லின் பங்கிலே தகராறு வந்தால் மறுநாள் பேசிக்கொள்ளலாம். மணலிற் குவிந்த மீனை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. வெயில் ஏற ஏற விலை இறங்கும். ஆதலின் பங்கிடுவோனுக்கு, அல்லது பங்கை முடித்துவைக்க வருவோனுக்கு, இயல்பாகவே ஓர் அதிகாரம் வந்துவிடுகின்றது. ‘கூறு’ என்னும் நம் சொல் மீன் குவியலையும் குறிக்கும், பங்கையும் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். ஏலங் கூறுபவரின் வாயில் இம்மூன்றும் ஒன்றாகின்றன.

இப்பின்னணியில் நாம் நோக்கவேண்டிய முதற் கதை பௌத்த ஜாதகக் கதைத் தொகுதியில் 400ஆவதாக அமைந்துள்ளது. தப்பபுப்ப ஜாதகம் என்பது அதன் பெயர். நீர்நாய்கள் இரண்டு. ஒன்று ஆழத்தில் வேட்டையாடுவது. மற்றையது கரையோரத்தில் வேட்டையாடுவது. இரண்டும் சேர்ந்து பெரிய ரோகித மீன் ஒன்றைப் பிடித்துக் கரையேற்றின. பங்கு பிரிக்கத் தெரியவில்லை, சண்டை மூண்டது. பெண்டாட்டி புதுமீனுக்கு ஆசைப்பட்டாள் என்பதற்காக ஆற்றங்கரைக்கு வந்திருந்த நரியை அவை நடுவராக இருக்கும்படி வேண்டின. நரி தீர்ப்புச் சொல்லிற்று: கரையோரத்தில் திரிபவனுக்கு வால், ஆழத்தில் திரிபவனுக்குத் தலை, நடுத்துண்டு நடுவனுக்கு. நீர்நாய்கள் வாய் திறவாமல் அமர்ந்திருக்க, நரி நடுத்துண்டைக் கௌவிக்கொண்டு மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. இதனைக் கண்டு நின்ற மரதேவதையே அப்பிறவியிற் போதிசத்துவர். வழக்காடுவோர் நடுவரிடம் ஓடுவதால் அவர்கள் செல்வம் தேய, அரச கருவூலம் வளர்கின்றது என்பது அத்தேவதையின் கருத்தாக அங்கு வருகின்றது.

இக்கதை எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலே சான்று உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பர்குத் தூபியின் சிற்பங்களுள் நீர்நாய்களும் மீனும் நரியும் செதுக்கப்பட்ட காட்சி ஒன்று, ‘உட ஜாதகம்’, அதாவது நீர்நாய் ஜாதகம், என்னும் பெயர் பொறிக்கப்பட்டுக் காணப்படுகின்றது. ஈழத்தில் 14ஆம் நூற்றாண்டில், குருநாகல் இராசதானிக் காலத்தில், ஜாதகக் கதைகள் சிங்களத்திற் பெருநூலாக ஆக்கப்பட்டன. குருநாகல் புத்தளக் கரைக்குப் பின்னிலம். உப்பும் கருவாடும் கரையிலிருந்து அங்கே செல்ல, நெல்லும் பாக்கும் கரைக்கு வரும். பண்டங்கள் சென்ற வழியிற் கதைகளும் சென்றிருக்கும் என்று கொள்வது மிகையாகாது. தமிழில் நரி, சிங்களத்தில் நரியா; கதைத்தலைவனின் பெயரைக்கூட மாற்றவேண்டிய தேவையில்லை! பிரித்தானியர் காலத்தில் நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கைக் கிராமியக் கதைகளிற் பெரும்பாலானவை இவ்வடமேல் மாகாணத்திலேயே திரட்டப்பட்டவை. அவற்றிலும் நரிக்குக் குறைவில்லை. இந்திய, பாக்கிஸ்தானிய, இலங்கை வாய்மொழிக் கதை வகைகளுக்கு ஸ்தித் தொம்சனும் ரொபேட்சும் 1960இல் அடைவு வகுத்தபோது இலங்கையைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பளித்தவையும் இத்தகைய தொகுப்புகளே.

நரியின் தீர்ப்பைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். அது எழுந்தமானமான தீர்ப்பன்று. கரையில் திரிபவனுக்கு வால், ஆழத்தில் திரிபவனுக்குத் தலை என்பதில் ஒருவகை ஒழுங்கு இருப்பதுபோலத் தோன்றுகின்றது. தொழிலுக்கேற்ற பங்கு என்ற நியாயத்தை அது அணிந்துகொண்டு வருகின்றது. நீர்நாய்கள் மறுக்க முடியாமற் போனமைக்கு இதுவே காரணம். ‘நடு’ என்னும் சொல்லிலும் சூழ்ச்சி உண்டு. நடுநிலையில் நிற்பவன் மீனின் நடுப்பகுதியைப் பெறுகின்றான், நிலை இடமாகிவிடுகின்றது. இக்கதையைச் சொல்வதற்கு நேர்ந்த காரணமாக ஜாதக உரை தருவதும் சுவையானது: உபநந்தர் என்ற பிக்கு, முதிய பிக்குகள் இருவர் தமக்குக் கிடைத்த ஆடைகளையும் கம்பளத்தையும் பிரிக்கத் தெரியாது தடுமாறியபோது, ஆடைகளை அவ்விருவருக்கும் கொடுத்து விலையுயர்ந்த கம்பளத்தைத் தமக்கென எடுத்துச் சென்றாராம். துறவிகளின் மடத்துக்குள்ளும் நரி உண்டு என்பதை மறைக்காது சொன்ன அவ்வுரைகாரரின் நேர்மை பாராட்டத்தக்கது.

இதன் இனக் கதைகள் பல. தொம்சன் தமது கதைக்கூற்று அடைவில் வஞ்சனை பற்றிய ‘கே’ என்னும் பெரும்பிரிவினுள், வழக்குப் பொருளைத் தானே கவர்ந்துகொள்ளும் நடுவனுக்கு 452 என்ற எண்ணைக் கொடுத்துள்ளார். நமது குரங்கு இதனுள் அடங்கும். தட்டு ஒருபுறம் தாழ அதிற் கடித்தும், மறுபுறம் தாழ அதிற் கடித்தும், சமன்செய்தல் என்னும் செயலாலேயே அப்பத்தை முடித்துவிடுவது அதன் திறமை. பஞ்சதந்திரத்திலே முயலும் கபிஞ்சலப் பறவையும் வளை ஒன்றின் உரிமைக்காகத் தவவேடம் பூண்ட பூனையிடம் செல்ல, காது சரியாகக் கேட்கவில்லை, அருகில் வாருங்கள் என்று அழைத்த பூனை வழக்காளிகளையே விழுங்கிவிடுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன் பாடிய கதையில் வழிப்போக்கர் இருவர் கடற்கரையிற் கிடந்த சிப்பி ஒன்றுக்காகச் சண்டையிடுகின்றனர்; நடுவர் சிப்பியைத் திறந்து உள்ளீட்டை உண்டுவிட்டு ஆளுக்கொரு ஓட்டைக் கொடுத்தனுப்புகின்றார். அப்பம், வளை, சிப்பி எனப் பொருள் மாறினாலும் அமைப்பு மாறவில்லை. பங்குக்கு உரிமையற்ற ஒருவன், பங்கிடும் உரிமையைப் பெற்றதனாலேயே பங்காளியாகிவிடுகின்றான்.

ஈசாப்பு மரபிலும் அதனைப் பாடிய உரோமக் கவிஞர் பீட்ரசிடத்தும் காணப்படும் ‘சிங்கத்தின் பங்கு’ வேறு வகையினது. அங்கே வஞ்சனையில்லை, வலிமையே உண்டு. சிங்கம் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு நியாயஞ் சொல்லி அனைத்தையும் எடுத்துக்கொள்ளும். 13ஆம் நூற்றாண்டில் ஜலாலுத்தீன் றூமி மஸ்னவியின் முதற் பாகத்தில் இதனை ஆளும் முறை ஆழமானது. காளை, ஆடு, முயல் மூன்றையும் வேட்டையாடியபின் பங்கிடுமாறு சிங்கம் ஓநாயைப் பணிக்க, அது காளை சிங்கத்துக்கு, ஆடு தனக்கு, முயல் நரிக்கு என்று அளவுப்படி பிரித்தது; உயிரிழந்தது. அடுத்துப் பணிக்கப்பட்ட நரி மூன்றையும் சிங்கத்துக்கே மூன்று வேளை உணவாக்கிற்று. இப்பங்கீட்டை யாரிடம் கற்றாய் என்று சிங்கம் கேட்க, ஓநாய்க்கு நேர்ந்த கதியிடம் என்றது நரி. இறைவன் முன் தன்னையழித்தல் என்ற சூபித் தத்துவத்தை விளக்க றூமி இதனைச் சொன்னார். அத்தத்துவத்தை மறுக்காமலே, அரசிறை கட்டிய குடியானவன் இக்கதையை வேறு பொருளிற் கேட்டிருப்பான் என்றும் நாம் கருதலாம்.

இத்துணைக் கதைகளையும் பார்த்தபின், சமமாகப் பிரித்தால் நீதி, ஏற்றத்தாழ்வாகப் பிரித்தால் வஞ்சனை என்று முடிவுகட்ட மனம் விரையும். உடப்புக் கோயிலின் தலைவியே அம்முடிவைத் தடுத்து நிறுத்துகின்றாள். அங்கு ஆண்டுதோறும் தீமிதிப்போடு விழாக் கொள்ளும் திரௌபதையம்மனின் திருமணமே ஒரு பங்கீட்டுச் சொல்லிலிருந்து விளைந்ததுதானே. பிச்சை கொண்டுவந்தோம் என்று மக்கள் வாசலிலிருந்து கூற, பார்க்காமலே பகிர்ந்துகொள்ளுங்கள் என்றாள் குந்தி. உணவுக்குரிய விதி பெண்ணுக்கும் உரியதாயிற்று. அதற்கு முன்பு ஏகசக்கர நகரில் வாழ்ந்தபோது அதே குந்தி நாள்தோறும் பிச்சையுணவை இரு கூறாக்கி, ஒரு கூற்றை வீமனுக்கும் மறுகூற்றைத் தனக்கும் ஏனைய நால்வருக்குமாக வைத்தாள் என்று பாரதம் கூறும். இதைவிட ஏற்றத்தாழ்வான பங்கீடு உண்டா? ஆயினும் அதனை எவரும் வஞ்சனை என்று சொன்னதில்லை. காரணம் வெளிப்படை. பங்கிட்டவள் தன் பங்கைச் சிறிய கூற்றிலிருந்து எடுத்தாள். நரியோ நடுத்துண்டிலிருந்து எடுத்தது. பங்கின் அளவைக் காட்டிலும் பங்கிடுவோரின் கை எங்கே போகின்றது என்பதையே கதைகள் உற்றுநோக்குகின்றன.

நம் இலக்கண மரபும் இதனை அறியும். தொல்காப்பியம் வெட்சித் திணையில், கவர்ந்த ஆநிரையைப் பகிர்வதைப் ‘பாதீடு’ என்னும் துறையாக்கி, அதன் பின்னரே உண்டாட்டையும் கொடையையும் வைத்தது. பங்கு முடிந்தபின்னரே விருந்து என்னும் ஒழுங்கு நோக்குதற்குரியது. புறப்பொருள் வெண்பாமாலை, ஒற்றறிந்து வந்தோர்க்கு மிகுதியாகக் கொடுப்பதனையும் நிமித்தம் சொன்னோர்க்குக் கொடுப்பதனையும் தனித்தனித் துறைகளாக்கிற்று. மிகுதிப் பங்குக்கு அங்கே காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றது. (ஈழத்துச் செய்தித்தாள்கள் அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்குப் ‘பாதீடு’ என்று பெயரிட்டமை எவருடைய குறும்போ அறியோம். கவர்ந்து வந்த மாடுகளின் நினைவு அச்சொல்லில் இன்னும் இருக்கின்றது.)

இதுவரை கண்டது மேலிருந்து வரும் எத்தன். கீழிருந்து எழும் எத்தனும் உண்டு. இவ்விருவரையும் ஒரே பெயரால் அழைத்துவிடுவது கதை அடைவுகளின் குறையென்பது என் எண்ணம். சிங்கள மக்கள் போற்றும் அரசவை விகடகவி அந்தரே, பாயில் உலர வைத்த சீனியை மணல் என்று அரசர் சொல்லி ஏய்த்தபோது, தன் மகனைக்கொண்டு வீட்டிற் சாவு விழுந்ததென்று அலறச் செய்து, இனி நம் வாயில் மண்தான் என்று தந்தையும் மகனுமாக அந்த ‘மணலை’ அள்ளி உண்டனராம். அரசனின் பொய்யையே அகப்பையாக்கிய திறம் இது. தென்னாலிராமனோ பரிசிற் பங்கு கேட்ட வாயிற்காவலருக்குக் கசையடியைப் பங்கிட்டான். இக்கதையின் ஐரோப்பிய வடிவம் ஒன்று மீன்கரைக்கே உரியது. பிரபு ஒருவனின் விருந்துக்கு மீன் கிடைக்காத நாளில் மீனவன் ஒருவன் பெருமீன் ஒன்றைக் கொண்டுவர, விலையிற் பாதி தனக்கென்றால்தான் உள்ளே விடுவேன் என்கின்றான் காவற்காரன். மீனவன் கேட்ட விலை நூறு கசையடி. ஐம்பது வாங்கியபின், எஞ்சிய பாதி என் கூட்டாளிக்கு உரியது என்றான். வாயிலில் நின்றே பங்கு பெறும் மனிதனை மீனவர் எந்நாட்டிலும் அறிவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இக்கரையில் அவ்வாயிற்காவலனுக்குக் குத்தகைக்காரன் என்று பெயர். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலும் மீன்மீது விதித்த இறையை அரசு நேரே திரட்டவில்லை; ஏலத்தில் எடுத்தவருக்குக் குத்தகையாக விட்டது. கரைக்கு வரும் மீனில் அரசின் பேரால் ஒரு பங்கை எடுப்பவர், அரசுக்குக் கட்டியதற்கு மேல் எடுத்தாலன்றித் தமக்கு எதுவும் மிஞ்சாது என்ற நிலையில் இருந்தார். நடுத்துண்டை உண்ணும் தேவை அவ்வேற்பாட்டிலேயே பதிந்திருந்தது. மரதேவதை கூறிய கருவூலமும் நரியும் இங்கே ஒன்றுசேர்ந்துவிட்டன.

இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு முத்துக்குளிப்பு. சிலாபம் என்னும் சொல்லுக்கே முத்துக்குளிப்பு என்பது பொருள். ஊர்ப்பெயரும் அதனடியாகவே வந்ததென்பர். பிற்காலத்துப் பெருங்குளிப்புகள் சிலாபத்துக்கு வடக்கே, மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறையையும் மரிச்சுக்கட்டியையும் ஒட்டி நிகழ்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடைமுறையிலிருந்த பங்கீடு இவ்வாறானது: படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்பினுள் கொண்டு சென்று, குளித்தவர்களே மூன்று சமகுவியலாகப் பிரிப்பர். எது குளித்தவர்களுக்கு, எவை அரசுக்கு என்பதை அரசாங்க அலுவலர் சுட்டுவார். பிரிப்பவர் தெரிவதில்லை, தெரிபவர் பிரிப்பதில்லை. ஆதலால் குவியல்களை ஏறுமாறாக வைப்பதால் எவருக்கும் நன்மையில்லை. குரங்கின் தராசுக்கும் நரியின் தீர்ப்புக்கும் இதனைவிடச் சிறந்த மாற்று இல்லையென்று தோன்றும்.

தோன்றும், ஆயினும் குவியல்களை எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்றில் இரண்டு அரசுக்கு. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவர்க்கும், மேலே கயிறு பிடித்தவர்க்கும், படகுக்காரர்க்குமாகச் சேர்ந்து ஒன்று. குவியல்கள் சமமாவதற்கு அத்துணை நேர்த்தியான முறையை வகுத்த ஆட்சி, எத்தனை குவியல் யாருக்கு என்பதை எவரிடமும் கேட்கவில்லை. சிங்கத்தின் பங்கு, நரியின் தர்க்கத்தையும் கடந்து, நடைமுறையின் நேர்மைக்குள் ஒளிந்துகொண்டது. நாட்டார் கதைகள் இவ்விடத்துக்கு வந்து சேரவில்லை என்றே கருதுகின்றேன். கத்தியைப் பிடித்த கையை அவை கண்டன. எத்தனை துண்டு என்று விதித்த வாயை அவை அரிதாகவே கண்டன. அதே கொட்டிலில், சுறாக்கள் குளிப்போரைத் தீண்டாதபடி மந்திரத்தாற் கடலைக் கட்டுபவராகிய ‘கடல்கட்டி’க்கும் சிப்பிகள் கொடுக்கப்பட்டு வந்தன. நிமித்தம் சொன்னோர்க்குப் பங்களித்த வெட்சி மறவரின் வழக்கம் நினைவுக்கு வருகின்றது. அரசாங்கத்தின் இரு குவியலை நோக்க, கடல்கட்டியின் சில சிப்பிகளுக்கு நியாயம் கூடுதலாகவே இருந்தது. அவரை நம்பியே பலர் கடலில் இறங்கினர்.

குத்தகைக்காரன் போனபின் அவன் நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. பனிக்கட்டியும் பாரவூர்தியும் முற்பணமும் உடைய முதலாளி அங்கே வந்து நின்றார். வலைக்கும் தோணிக்கும் முற்பணம் பெற்றவர் மீனை அவரிடமே கொடுக்கக் கடமைப்பட்டவர். விலையும் அவர் சொல்வதே. அவர் எவர் வழக்கையும் தீர்ப்பதில்லை. நேரமே அவருடைய தராசு. வெயிலில் மீன் கிடந்தால் யாருக்கு நட்டம் என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும்.

பங்கீட்டின் சிக்கல் மீனோடு நின்றுவிடவும் இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கற்பிட்டி தொடக்கம் புத்தளம் வரையிலான ஊர்களில் உள்ளூர் மக்கள் சோறும் காணியும் கிணற்று நீரும் பகிர்ந்து அவர்களை ஏற்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல நிவாரணம், தொழில், பள்ளிக்கூடத்தில் இடம், காணி என்பவை பற்றி வந்தோருக்கும் இருந்தோருக்குமிடையே உராய்வும் தோன்றிற்று. முதலிற் பகிர்ந்தவை அவர்களுடைய சொந்தப் பொருள்கள். பின்னர் மனத்தாங்கலுக்குக் காரணமானவை வேறெங்கோ தீர்மானிக்கப்பட்டு அளந்து அனுப்பப்பட்டவை. சட்டியிலிருந்த சோற்றைப் பங்கிட்டபோது எழாத வழக்கு, பட்டியலிலிருந்த அரிசியைப் பங்கிட்டபோது எழுந்தது. நீர்நாய்கள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்வரை அவற்றின் கண் மூன்றாமவன்மேற் செல்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பர்குத்துச் சிற்பி கல்லில் வைத்த அமைதி அதுவே.

எத்தன் தானே ஏமாறும் கதைகளும் உண்டு. வட அமெரிக்க வின்னபேகோ மக்களின் எத்தன் கதைகளை 1956இல் நூலாக வெளியிட்ட போல் ரேடின், சுட்டுவைத்த வாத்துகளை நரிகளிடம் பறிகொடுத்து விழிக்கும் எத்தனை நமக்கு அறிமுகஞ் செய்தார். ஆயினும் நமது கரைக்கு மிக நெருக்கமானது மேற்கு ஆபிரிக்காவின் அஷாந்தி மக்கள் சொல்லும் அனான்சிச் சிலந்தியின் கதை. கோர்லாண்டரும் ஹெர்ட்சோக்கும் 1947இல் வெளியிட்ட தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. தன்னோடு மீன்பிடிக்க வருவதற்கு ஒரு மூடனைத் தேடுகின்றான் அனான்சி. மூடன் வேலை செய்ய, மீனைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கிடைத்த கூட்டாளியோ விவரமானவன். ஒருவன் வேலை செய்தால் மற்றவன் களைப்பை ஏற்கவேண்டும். நீ வேலை செய்கின்றாயா, களைப்படைகின்றாயா என்று கேட்கின்றான். களைப்பு யாருக்கு வேண்டும்? வேலையை எனக்குத் தா என்கின்றான் அனான்சி. அவன் கூடு பின்னுகின்றான், சுமக்கின்றான், நீரில் இறக்குகின்றான். கூட்டாளி நிழலிற் கிடந்து முனகுகின்றான். மீன் வந்தபின் பங்கு. இன்று நான்குதான், நீ எடுத்துக்கொள், நாளைக்கு வரும் பெருந்தொகை எனக்கு என்று கூட்டாளி சொல்ல, என்னை மூடனென்று நினைத்தாயோ, நான்கை நீ எடு, நாளையது எனக்கு என்கின்றான் அனான்சி. நாள்தோறும் மீன் பெருகுகின்றது. நாள்தோறும் பேராசை அதனை நாளைக்குத் தள்ளுகின்றது. இறுதியிற் கூடு உளுத்துப்போக, அதையாவது விற்கலாமென்று சந்தைக்குக் கொண்டுபோய் அடிவாங்கி வருகின்றான்.

வேலையையும் களைப்பையும் வெவ்வேறாகப் பிரித்த அந்தக் கூட்டாளியின் நகைச்சுவை, கரைவலைக்கு உழவு இயந்திரம் வந்தபின் நகைச்சுவையாக இல்லை. உழவு இயந்திரத்திற் பொருத்திய சுழலியாற் கயிற்றை இழுக்கும் முறை அண்மைக் காலத்தில் இலங்கையின் கரைகள் பலவற்றிற் பரவியது. அதனாற் கடலடிக்கும் சிறுமீன் குஞ்சுகளுக்கும் கேடு என்போரும், ஆட்பற்றாக்குறைக்கு வேறு வழியில்லை என்போருமாக மீனவரிடையே விவாதம் மூண்டது. கடலுக்கு விளையும் கேட்டை விஞ்ஞானிகள் அளக்கட்டும். இங்கு நாம் கேட்பது வேறு. இரு கயிற்றிலும் பலபேர் கைவைத்த காலத்தில், கைவைத்ததே பங்குக்குச் சான்று. அம்பாவின் எடுப்புக்குத் தொடுப்புச் சொன்ன குரலை மடி அவிழும்போது எவரும் மறந்துவிட முடியாது. சுழலி சுற்றும்போது பாடல் தேவையில்லை, பலபேரும் தேவையில்லை. எரிபொருளும் வாடகையும் பங்குக் கணக்கில் முதற் கழிவாக ஏறுகின்றன. இயந்திரம் களைப்படைவதில்லை, மீனும் உண்பதில்லை. ஆனாலும் அதன் பேரில் ஒரு குவியல் மணலில் ஒதுங்குகின்றது. வழியிற் சென்ற கிழவரோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவனோ ஓடிவந்து கைவைப்பதற்குக் கயிற்றில் இடம் இருக்கின்றதா என்று பார்த்தால், இயந்திரத்துக்கும் கடலுக்கும் இடையே அது விறைத்து நிற்கின்றது. கிட்டப் போகாதே என்று பெரியவர்கள் சத்தமிடுகின்றனர்.